விரியாத பிரஷ்

பல் தேய்க்கிற பிரஷ்ஷை எப்போது மாற்றுவது என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் பல்லைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள். அவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். மீதிப் பேருக்குத்தான் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டுமாம். நார் வளைந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டுமாம். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்து போனால் உடனே மாற்ற வேண்டுமாம். என் மருமகள் வாங்கி வருகிற பிரஷ்ஷில் நடுவில் கொஞ்சம் நீல நார் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்த நீலம் வெளுத்துக்கொண்டே வரும். பாதி வெளுத்தால் தூக்கிப் போடு என்று அட்டையிலேயே படம் போட்டிருக்கிறான்.

அந்த நீலத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பிடிக்கலைன்னா வேற வாங்கிக்கலாம் அத்தை" என்றாள். பிடிக்காமல் என்ன? ஒருத்தி தினமும் பல் தேய்த்தாள் என்று பிரஷ்ஷே சாட்சி சொல்கிற காலம் வந்திருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தபோது எங்கே போயிருந்தது இந்த நீலம்?

நாங்கள் அப்போது தி. நகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகப் போர்ஷன்கள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடிபம்பு, பக்கத்தில் துவைக்கிற கல், அதன் மேல் எப்போதும் பூவும் இலையுமாகக் கொட்டிக்கொண்டிருக்கிற ஒரு முருங்கை மரம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மார்க்கெட் சந்தில் சின்னதாக ஒரு ஃபேன்ஸி கடை வைத்திருந்தார். ரிப்பன், வளையல், ஊக்கு, சாந்து, பவுடர், சீப்பு. அட்டையில் குத்தி வாசலில் தொங்கவிட்ட பல் பிரஷ்கள். ஆமாம், பிரஷ் விற்கிறவர் வீட்டில்தான் இந்தக் கூத்து.

விற்கிற சரக்கில் வீட்டுக்காரர்கள் கை வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். யாரும் வாங்காமல் நின்றுபோனதுதான் வீட்டுக்கு வரும். வெயிலில் வெளுத்த ரிப்பன் எனக்கு. ஜோடி சேராத வளையல் எனக்கு. பிரஷ்ஷிலும் அப்படித்தான். மெத்தென்று இருப்பதை வாடிக்கையாளர்கள் விரலால் தடவிப் பார்த்து வாங்கிப் போய்விடுவார்கள். முரட்டு நார் வைத்தது அட்டையிலேயே வருடக்கணக்கில் தொங்கும். அதுதான் எங்களுக்கு. புதிதில் அதை வாய்க்குள் விட்டால் விளக்குமாற்றின் அடிப்பக்கத்தை விட்ட மாதிரி இருக்கும்.

அடிபம்புக்கு நேரே எங்கள் போர்ஷன் ஜன்னல். அதில் நசுங்கிய எவர்சில்வர் தம்ளர் ஒன்று. அதற்குள் அப்பாவின் வெள்ளைப் பிரஷ், அண்ணனின் சிவப்பு, என்னுடைய பச்சை. அம்மாவுக்குப் பிரஷ் கிடையாது, ஆள்காட்டி விரல்தான். பக்கத்தில் தகர டப்பாவில் ரோஸ் நிறப் பல்பொடி. அந்தப் பொடியின் இனிப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பாதியைத் தின்றுவிட்டு மீதியில்தான் நாம் பல் தேய்த்தோம். டப்பா காலியானால் ஊக்கு போட்டு வைக்க உதவும். எங்கள் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகாது, வேலை மாறும். பழைய பிரஷ் தோட்டையும் மூக்குத்தியையும் தேய்க்கப் போகும். அடியில் ஓட்டை இருக்குமே, அதில் நாடாவைக் கட்டிப் பாவாடை இடுப்பில் நுழைத்து மறுபக்கம் இழுப்பாள் அம்மா. இப்போது வருகிற பிரஷ்ஷில் அந்த ஓட்டையே இல்லை. பாவாடைக்கு நாடா கோக்க நான் ஊக்கை வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன்.

பிரஷ் மாற்றுவது எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு நாள். போகியன்று. பழையன போக வேண்டிய நாள் அல்லவா, பிரஷ்ஷும் அன்றுதான் போகும். விடிந்ததும் அப்பா கடைப் பையோடு நாற்காலியில் உட்காருவார். அண்ணனும் நானும் பழைய பிரஷ்ஷை அவர் கையில் கொடுக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கட்டை விரலால் ஒரு தடவு தடவுவார். நன்றாக விரிந்திருந்தால் பையிலிருந்து புதுசு வரும். விரியாமல் இருந்தால் பழசே திரும்பி வரும்.

அதற்குக் காரணம் சொல்கிறேன். அப்பா எதையும் தேய்மானத்தை வைத்துத்தான் எடை போடுவார். கடைக்கு வருகிறவர்களின் செருப்புக் குதிகாலைப் பார்த்தே இவர் நடக்கிற ஆள், இவர் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் என்று சொல்வார். பல தடவை சரியாகவும் இருக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அப்படியே வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார். அண்ணனின் புத்தகம் அட்டை கிழிந்து நாய்க்காதாக மடிந்து கிடந்தால், படிக்கிற பையன். என் புத்தகம் காக்கி அட்டை கலையாமல் இருந்தால், திறந்தே பார்க்காதவள். நான்தான் வகுப்பில் அதிக மார்க் என்பது அவர் கண்ணுக்குப் படவில்லை. மார்க் தேயாது அல்லவா?

பல் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் பல் தேய்க்கிற சத்தம் அடுத்த சந்துக்குக் கேட்கும். மரம் அறுக்கிற மாதிரி இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை இழுப்பான். அவன் துப்பினால் துவைக்கிற கல்லடியில் சிவப்பாக ஓடும். பொடியும் ரோஸ், ரத்தமும் அதோடு கலந்து ரோஸ். ஈறு கிழிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. புதுப் பிரஷ் அவனிடம் மாதம் திரும்புவதற்குள் நாலா பக்கமும் விரிந்துவிடும். எனக்கோ அந்த முரட்டு நார் பட்டாலே வலிக்கும். அதனால் மெல்ல, ஒவ்வொரு பல்லாக, வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். அவன் தேய்த்து, குளித்து, இட்லி தின்று முடிக்கும்வரை நான் பம்படியிலேயே குத்தவைத்திருப்பேன். என் பிரஷ் விரியவில்லை.

முந்தின போகிக்கே எனக்குப் புதுசு கிடைக்கவில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருடத்துக் கதை, தீபாவளியிலிருந்து போகி வரை. எனக்கு ஒன்பது வயது இருக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் அடிக்க வந்த அப்பா தம்ளரைப் பார்த்துவிட்டு நின்றார். இரண்டு பிரஷ்ஷையும் கையில் எடுத்தார்.

"ஏட்டி, இங்க வா. இவன் பிரஷ்ஷப் பாரு. எப்படி விரிஞ்சிருக்கு. வெளக்குத பய. ஒன் பிரஷ்ஷு கடை அட்டையில தொங்குத மாதிரி அப்படியே நிக்கு. என்னத்த வெளக்குன நீ?"

"தெனமும் வெளக்குதேன்ப்பா."

"பொய் சொல்லாத."

"நெசமாத்தான்ப்பா. நான்தான் எல்லாரையும் விட ரொம்ப நேரம் வெளக்குதேன்."

"நீ பொய் சொல்லுவ. தும்பு பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைத் தம்ளரில் போட்டார்.

நாரை அவர் ஊர்ப் பக்கத்தில் தும்பு என்பார்கள். அந்த வாக்கியத்தை அவர் அதோடு விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தும்பு பொய் சொல்லாது. நான் வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்றால் தும்பு பொய் சொல்லாது. பல்பொடி டப்பாவிலிருந்து காணாமல் போனதை அண்ணன் தின்றான், பழி எனக்கு வந்தது. பல் தேய்ப்பதில் பொய் சொல்கிறவள் வேறு எதில்தான் சொல்ல மாட்டாள் என்பது அவர் கணக்கு. எனக்குப் புதுப் பிரஷ்கூட அப்போது பெரிதில்லை. அப்பா ஒரே ஒரு தடவை, "சரி, இவ வெளக்குதா" என்று சொன்னால் போதும் என்று இருந்தது.

ஒரு நாள் காலையில் அவரைக் கையைப் பிடித்துப் பம்படிக்கு இழுத்து வந்தேன். அவர் பார்க்கப் பார்க்கத் தேய்த்தேன். மேல் வரிசை, கீழ் வரிசை, உள் பக்கம், கடைவாய். கை வலிக்க வலிக்கத் தேய்த்துவிட்டு வாயைத் திறந்து காட்டினேன். "இன்னைக்கு நான் நிக்கேன்னு வெளக்குத" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதிப் போடுங்கள், இத்தனை வருடமாக நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தது. எதிர் போர்ஷன் அக்கா. கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் கும்பலாக ஆடுகிற பெண்களில் ஒருத்தி. விடியுமுன்பே வேன் வந்துவிடும் என்பதால் அவளும் என்னைப் போல முதல் ஆளாகப் பம்படிக்கு வருவாள். முந்தின நாள் பூசிய மஞ்சள் பவுடர் காதோரம் மிச்சம் இருக்க, கரிப்பொடி போட்டு விரலால் தேய்ப்பாள். நான் பக்கத்தில் பச்சைப் பிரஷ்ஷோடு. எனக்காக இரண்டு அடி பம்பு அடித்துவிட்டுத்தான் போவாள். அப்பா என்னைத் திட்டுகிற சத்தம் கேட்டு ஒரு நாள் ஈரக் கையோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இன்னாத்துக்கு அத்தப் போட்டுத் திட்ற? பாப்பா தெனிக்கும் என் பக்கத்துல குந்திக்கினுதான் பல்லு தேய்க்குது. நான் கண்ணால பாக்கறேன்."

 அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் போனதும் உள்ளே திரும்பி அம்மாவிடம், "ஆடப் போறவ சாட்சி சொல்ல வந்துட்டா. இனி அவ இருக்க நேரத்துல இவ பம்படிக்குப் போகக் கூடாது" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்த அக்கா வேனில் ஏறிப் போன பிறகுதான் நான் வெளியே வரலாம். இருந்த ஒரு சாட்சியும் போயிற்று. கண்ணால் பார்த்தவள் சொன்னதை விட்டுவிட்டு நாரின் பேச்சைக் கேட்ட மனுஷன். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

கார்த்திகை மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும் வாயெல்லாம் புண். நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், உதடு. ரசம் சாதம் பட்டாலே உயிர் போகும். அம்மா மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் போட்டுக் கொடுத்தாள். ஆறும், திரும்ப வரும். ஆறும், திரும்ப வரும். இரண்டு வருடம் ஈரத் தம்ளரில் நின்று, பொடி அடியில் கட்டித்தட்டி, முகர்ந்தால் ஒரு மாதிரி வாடை அடிக்கிற அந்தப் பிரஷ்ஷைக் காய்ச்சலிலும் வாய்க்குள் விட்டேன், புண்ணோடும் விட்டேன். அதை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்க்க நிமிர்ந்து நிற்கிறதே, அப்புறம் என்ன? அப்பா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பல்லு வெளக்காட்டா புண்ணு வரத்தான் செய்யும்" என்றார். பேச முடியாமல் வாய் வெந்து கிடந்தது எனக்கு. அதையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

போகி வந்தது. சந்து முழுக்கப் பையன்கள் மேளம் தட்டிக்கொண்டு ஓடினார்கள். பாயும் துடைப்பமும் எரிகிற புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து கண்ணைக் கரித்தது. நான் எழுந்து உட்கார்ந்து ஜன்னலில் தம்ளரைப் பார்த்தேன். பச்சைப் பிரஷ் இல்லை. எட்டிப் பார்த்தால் அம்மா துவைக்கிற கல்லின் முன் குத்தவைத்திருந்தாள். கையில் ஏதோ சின்னதாக. அதைக் கல்லில் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பாள், தூக்கிப் பார்ப்பாள், போதாது என்று மறுபடியும் தேய்ப்பாள். முருங்கை மரத்துக்குக் கீழே அவள் முதுகு ஆடுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பம்பை அடித்து அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தம்ளரில் போட்டாள். என்னைப் பார்த்தாள். "பல்லு வெளக்கிட்டு அப்பாகிட்ட போ" என்றாள்.

அப்பா நாற்காலியில் கடைப் பையோடு தயாராக இருந்தார். அண்ணன் கொடுத்தான், வழக்கம்போல் ஒரு தட்டிக்கொடுப்பு, புதுசு. அடுத்தது நான். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டை விரலால் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆங், இது பிரஷ்ஷு. சொன்னாத்தான் புத்தி வருது. இப்பத்தான் ஒழுங்கா வெளக்குத."

பையிலிருந்து ஒரு புதுப் பிரஷ்ஷை எடுத்துக் கையில் வைத்தார். தலையைத் தடவினார். நான் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அது. வந்தது, கல்லில் தேய்த்த பிரஷ்ஷுக்கு வந்தது. நான் தேய்த்ததற்கு வரவில்லை. தினமும் தேய்த்தபோது பொய்க்காரி. அம்மா செய்த ஏமாற்றுக்கு நான் உத்தமி. தும்பு பொய் சொல்லாது என்று சொன்னவர் கையில் பச்சைப் பொய்யாக அந்தப் பிரஷ் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. 

அடுப்படிக்குப் போய் அம்மாவின் பின்னால் நின்றேன். அவள் மறுநாள் பொங்கலுக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் தெனமும் வெளக்குனேன்னு நீ நம்புனியா?"

"நம்புனா என்ன, நம்பாட்டி என்ன? பிரஷ்ஷு கெடச்சுச்சா இல்லியா?"

"நம்புனியான்னு கேக்கேன்."

"ஏட்டி, எனக்கு வேல கெடக்கு. போயி புதுசுல வெளக்கு, போ."

அம்மாவிடம் அதை அதற்கப்புறமும் பல தடவை கேட்டிருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அவளுக்குத் தலை முழுக்க நரைத்த பிறகும் கேட்டேன். ஒரு தடவையாவது "ஆமா" என்றோ "இல்லை" என்றோ சொல்லியிருக்கலாம். "ஒங்கப்பாகிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? கல்லுகிட்ட கொடுத்தேன், காரியம் முடிஞ்சுது" என்பாள். எனக்காகத்தான் செய்தாள், எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் முன்னால் போய் நின்று "இவ வெளக்குதா, நான் பாக்கேன்" என்று சொல்லியிருந்தால் என்ன? அந்த எதிர் போர்ஷன் அக்காவுக்கு இருந்த தைரியம் இவளுக்கு ஏன் இல்லை? இன்னொன்றும் அரிக்கிறது. அவளும் நம்பாமல்தான் கல்லில் தேய்த்தாளோ என்று. அந்தப் போகியிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வேறு ஒட்டிக்கொண்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். போன வாரம் அண்ணனைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அண்ணன் கே.கே. நகரில் இருக்கிறான், தனி ஆள், துணைக்கு நான்தான். அடையாறில் ஒரு பெண் டாக்டர், நம் பேத்தி வயது. வரும்போது தேய்க்கிற பிரஷ்ஷையும் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நான்கு பக்கமும் விரிந்து, நடுவில் வழுக்கை விழுந்த பிரஷ்.

"அங்கிள், இது எப்ப வாங்குனது?"

"இப்பத்தாம்மா. மாசப் பொறப்புக்கு வாங்குனேன்."

"இந்த மாசமா?"

"நான் நல்லா அழுத்தித் தேய்ப்பேம்மா. சின்ன வயசுப் பழக்கம். எங்கப்பா அப்படி வளத்தாரு." இந்த வயதிலும் குரலில் அந்தப் பெருமை.

"அதான் அங்கிள் பிரச்சனையே" என்றாள் டாக்டர். "அழுத்தி அழுத்தி ஈறு எறங்கிப் போச்சு. வேரெல்லாம் வெளிய தெரியுது. இந்த ரெண்டும் ஆடுது, எடுத்துத்தான் ஆகணும். பிரஷ் விரிஞ்சா உடனே மாத்திடணும், விரிஞ்ச நார் பல்ல சுத்தம் பண்ணாது, ஈறத்தான் கிழிக்கும். விரியலைன்னாலும் மூணு மாசத்துல மாத்தணும், நார் பலம் போயிடும், அழுக்கு சேரும். ஆனா சரியா தேய்க்கிறவங்க பிரஷ் அந்த மூணு மாசத்துல இப்படி விரியாது."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். "டாக்டர், அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை ஆன்ட்டி?"

"கடைசியாச் சொன்னீங்களே."

எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என் பக்கம் குனிந்து, உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "சரியா தேய்க்கிறவங்க பிரஷ் இப்படி விரியாது." நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சுவரில் தொங்கிய பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் பக்கத்தில் இளநீர் குடித்தோம். எனக்கு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் என்று இருந்தது. அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். அந்தப் பம்படியைப் பார்த்தவர்களில் மிச்சம் இவன் ஒருவன்தான். பிடுங்கப் போகிற பல்லை நாக்கால் துழாவிக்கொண்டே இருந்தவன் மெதுவாகச் சொன்னான்.

"ஒனக்கு இந்தத் தொல்லையே இல்ல பாப்பா. ஒனக்கு ராசி. தேய்க்காமயே பல்லெல்லாம் அப்படியே நிக்குது."

"யார் தேய்க்காம?"

"சும்மா கோவப்படாத. அன்னைக்குப் போகியப்ப அம்மா ஒன் பிரஷ்ஷக் கல்லுல தேச்சத நானும்தான் பாத்தேன். நீ தேய்க்கலன்னுதான அம்மா தேச்சா? அப்பாகிட்ட நான் மூச்சு விடலையே. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல."

எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். டாக்டர் உரக்கச் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு, தன் வாயில் ஆடுகிற பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டு, இதைச் சொல்கிறான். ஐம்பது வருடத்துக்கு மேல் என் ரகசியத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறானாம்.

"நான் தினமும் தேய்ச்சேன்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. இளநீர் சீவுகிறவர் அரிவாளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, சரி. தேச்ச. ரோட்டுல நின்னு ஏன் கத்துற?"

டாக்டர் கொடுத்த மெத்துப் பிரஷ்ஷைப் பையிலிருந்து எடுத்து விரலால் தடவினான். "இதுல என்னத்த வெளக்க? பஞ்சு மாதிரி இருக்கு" என்றான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அடங்கவில்லை. முகம் கழுவப் போனபோது என் பிரஷ் கண்ணில் பட்டது. நீலம் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. நார் மட்டும் அப்படியே நின்றது. மாற்ற வேண்டியதுதான். புதுசைப் பிரித்துத் தம்ளரில் போட்டுவிட்டுப் பழசை வாஷ்பேஸின் விளிம்பில் வைத்து அழுத்தினேன். இதுதான் நான் சொன்ன பழக்கம். தூக்கிப் போடுமுன் ஒவ்வொரு பிரஷ்ஷையும் எதிலாவது வைத்துத் தேய்த்து, நாரை வளைத்து, விரித்து, அப்புறம்தான் போடுவேன். புகுந்த வீட்டிலும் அப்படி, என் வீட்டிலும் அப்படி. குப்பையை யாராவது திறந்து பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறதே, இவள் பல்லே தேய்ப்பதில்லையா என்று கேட்டுவிடக் கூடாது. என் புருஷன் ஒரு நாள் பார்த்துவிட்டு என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, பூனை எடுத்து விளையாடும் என்று ஏதோ உளறினேன். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

அன்று பாதியில் கையை எடுத்துவிட்டேன். போதும், யாருக்காகத் தேய்க்க வேண்டும்? நார் நிமிர்ந்தபடியே கொண்டுபோய் அடுக்களையில் உலர் குப்பை டப்பாவில், எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணில் படுகிற மாதிரி போட்டேன். போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். யாராவது கேட்கட்டும் என்று இருந்தது. நன்றாகச் சண்டை போட வேண்டும் போல இருந்தது.

மருமகள் பால் கவரைப் போட டப்பாவைத் திறந்தாள். "அத்தை, இது புதுசு மாதிரி இருக்கே. தெரியாம விழுந்துடுச்சா?"

"புதுசு இல்ல. மூணு மாசம் தினமும் ரெண்டு வேளை தேய்ச்ச பிரஷ் அது." நான் கத்தத் தயாராக இருந்தேன்.

"தெரியுமே அத்தை. நீங்க தேய்க்கறது எனக்குத் தெரியாதா?" என்றாள். கவரைப் போட்டு மூடினாள். பொங்கி வழியப் போன பாலை இறக்க ஓடினாள்.

பிரஷ்ஷை அவள் கையில்கூட எடுக்கவில்லை. நீலம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. இவ்வளவுதானா? இதைச் சொல்லப் பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை. அடுக்களை நடுவில் நின்றுகொண்டு எனக்கு, இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போன அப்பா மேல் அன்றைக்கு வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது.